இல்லம் தேடி வந்த அலுவலகம்

அலுவலகம் எங்கே இருக்கிறதோ, குடும்பம் அங்கே சென்று சேர வேண்டும் என்பதே நம் முன்னோர் கண்ட வழக்கம். சித்தூரிலும் திருப்பதியிலும் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல இவ்வழக்கத்தினாலேயே இங்கு வந்து வேரூன்றின. உழவும் நெசவும் கொண்டு தொன்றுதொட்டு இம்மண்ணிலேயே வாழ்ந்துவரும் தமிழர் ஒரு சாரார். நீதிமன்றம், வருவாய்த் துறை, இரயில்வே, பள்ளிக்கூடம், தேவஸ்தானம் ஆகியவற்றில் பணி கிடைத்து வந்து தங்கியோர் மற்றொரு சாரார். நம் குடும்பம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தது. பாட்டனார் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து நீதிமன்ற எழுத்தராகச் சித்தூருக்கு வந்தவர்.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் அது தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டின் தலைமை அலுவலகம் வேலூருக்குச் சென்றது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கிற்று. பட்டாஸ்கர் பரிந்துரைக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாள், திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியும் நாம் குடியிருக்கும் தெரு மாறவில்லை. தெலுங்கில் கடைக்காரருடன் பேசி, தமிழில் வீட்டாருடன் பேசி, மூன்று தலைமுறை கழிந்தது.

நான்காம் தலைமுறையில்தான் சிக்கல் எழுந்தது. நம் மக்கள் கற்ற கல்வி கணினிக் கல்வி. அக்கல்விக்குரிய அலுவலகங்களோ சித்தூரில் இல்லை. அவை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கிழக்கே சென்னையிலும், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் மேற்கே பெங்களூரிலும் இருந்தன. ஆதலின் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புபவராக இருந்தார். கிழவரும் கிழவியும் வீட்டைக் காத்தனர். முன்பு சித்தூருக்குக் குடியேறி வந்த குடும்பங்களே மீண்டும் ஒருமுறை குடிபெயரத் தொடங்கின. இதைக் குறையாக யாரும் கூறவில்லை. ஊதியம் வந்தது, வீட்டுக்கடன் அடைந்தது, அவ்வளவில் மனம் நிறைந்தோம்.

பிறகு 2020 மார்ச்சு வந்தது. 24-ஆம் நாள் இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கொள்ளைநோயின் துன்பங்களை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றை அறியாத இல்லம் ஏது? ஆனால் அத்துன்பத்தினூடே எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மூன்று தலைமுறையாக நாம் பின்தொடர்ந்து சென்ற அலுவலகம், இம்முறை நம்மைத் தேடி இல்லத்திற்கே வந்துவிட்டது. மேல்மாடி அறையில் ஒரு மேசையும், மின்சாரம் நின்றால் உதவ ஒரு மின்கலமும், இணையத் தொடர்பும் இருந்தால் போதும் என்றாயிற்று.

வீட்டிலிருந்து தொழில் செய்வது நம் பகுதிக்குப் புதிய செய்தியன்று. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி ஓசை எழுவதற்கு முன்பு, நெசவாளர் இல்லமே அவர்தம் தொழிற்கூடம். தறிக்குழியில் ஆடவர் அமர்ந்து நெய்ய, பெண்டிர் தார் சுற்றினர். பாவு விரிக்க வீடே திரண்டது. அவ்வாழ்க்கையின் நன்மையையும் தீமையையும் அவர்கள் அறிவார்கள். பிள்ளை கண்ணெதிரே வளரும் என்பது நன்மை. வேலைக்கு முடிவு நேரம் என்று ஒன்று இராது என்பது தீமை. கணினித் தொழில் வீட்டிற்குள் வந்தபோது இவ்விரண்டும் உடன் வந்தன.

நம் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். நம் மகன் திருப்பதியை அடுத்த ஒரு கல்லூரியில் ஆசிரியர். மருமகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றினாள். திருமணமான முதல் ஈராண்டும் அவள் சோழிங்கநல்லூரில் மகளிர் விடுதியில் தங்கி, வாரம் ஒருமுறை காட்பாடி வரை இரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் வந்து சென்றாள். 2020-இல் அவள் சித்தூருக்கே வந்துவிட்டாள். 2021-இல் பெயர்த்தி பிறந்தாள். மகப்பேற்று விடுப்பு முடிந்ததும் மாடி அறையில் வேலை தொடர்ந்தது. குழந்தை அழுதால் நம் மனைவியார் எடுத்துச் சென்று தருவார். பாலூட்டியபின் திரும்பவும் கீழே கொண்டுவருவார். இவ்வாறு ஏறக்குறைய மூன்றாண்டு சென்றது.

அந்த மூன்றாண்டில் இல்லத்தில் நிகழ்ந்த மாறுதல்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். நம் பகுதிக் குழந்தைகளுக்குப் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் உண்டு. தமிழ் பெரும்பாலும் இல்லத்திலேயே கிடைக்கும். தாயும் தந்தையும் வெளியூரில் இருந்தால் குழந்தையும் அவர்களோடு சென்று, அடுக்குமாடிக் குடியிருப்பில் எவர் மொழியையோ கேட்டு வளரும். பெயர்த்தியோ பாட்டியின் மடியில் தமிழ் கேட்டு வளர்ந்தாள். இரண்டரை வயதில் அவள் கதை கேட்டாள். மூன்று வயதில் கதை சொன்னாள். சங்கத்தின் பொங்கல் விழாக்களில் அவ்வாண்டுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்லர்; ஊரிலேயே இருந்தவர்கள்.

2023-இன் பிற்பகுதியில் அழைப்பு வந்தது. முதலில் வாரம் இரண்டு நாள் அலுவலகம் வர வேண்டும் என்றனர். அவள் விடியற்காலையில் புறப்பட்டு, ஓரிரவு விடுதியில் தங்கி, மறுநாள் நள்ளிரவில் வீடு சேர்ந்தாள். அது இயன்றது. நான்கு மாதம் கழித்து மூன்று நாள் என்றனர். அதுவும் ஒருவாறு இயன்றது. 2024-இன் நடுவில் ஐந்து நாளும் வர வேண்டும் என்ற ஆணை பிறந்தது. நம் மனைவியாருக்கு முழங்கால் அறுவை செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அன்றிரவு மருமகள் நம்மிடம் வந்து, “மாமா, நான் இரண்டு நாள் என்று எண்ணி விடுதி பார்த்தேன். மூன்று நாள் என்று எண்ணிக் குழந்தையைப் பள்ளியில் சேர்த்தேன். இனி எதை நம்பி எதைச் செய்வது?” என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. “அம்மா, நீ எதைத் தேர்ந்தாலும் நாங்கள் உடன் இருப்போம்” என்று மட்டும் சொன்னோம்.

ஒன்பதாண்டுப் பணியை விட்டு அவள் விலகினாள். அவளுடைய குழுத் தலைவர் இருமுறை தொலைபேசியில் அழைத்து, போகவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். ஆணை அவருக்கும் மேலிருந்து வந்தது. அவரால் ஆவது ஒன்றுமில்லை. அதே குழுவில் மேலும் இருவர் அவ்வாண்டே விலகினர். இருவரும் பிள்ளை பெற்ற பெண்கள், வெளியூரில் குடும்பம் உடையவர்கள். நம் வீட்டில் ஏழு மாதம் ஒரு ஊதியம் குறைந்தது. பிறகு வேறொரு சிறு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. மாதத்தில் முதல் திங்களும் செவ்வாயும், மூன்றாம் திங்களும் செவ்வாயும் சென்னையில்; ஏனைய நாட்கள் இல்லத்தில். ஊதியம் முன்னையதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த நான்கு நாள் இன்றுவரை மாறவில்லை. ஆகவே அவளும் மாறவில்லை.

இது ஓர் இல்லத்தின் கதை. இதைக் கொண்டே எல்லா நிறுவனங்களையும் குறை கூறுதல் நேர்மையாகாது. நிறுவனத்தாரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. திருப்பதியில் வாழும் சங்க அன்பர் ஒருவரின் மகன் 2021-இல் பணியில் சேர்ந்தான். கணினி அஞ்சலில் வந்தது. நியமன ஆணை மின்னஞ்சலில் வந்தது. ஒன்றரை ஆண்டு வரை உடன் பணிபுரிவோர் ஒருவரையும் அவன் நேரில் கண்டதில்லை. ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. பெங்களூருக்கு வரச் சொன்னபோது அவன் மகிழ்ந்து புறப்பட்டான். மூத்தவர் அருகில் அமர்ந்து மூன்று மாதத்தில் கற்றது, தனியறையில் ஓராண்டு கற்றதினும் மிகுதி என்று அவனே நம்மிடம் கூறினான். அருகருகே அமர்ந்து பணியாற்றும் இளையோர் மூத்தோரிடமிருந்து கூடுதலான திருத்தங்களைப் பெறுகின்றனர் என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சிலர் ஆராய்ந்து கண்டதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஆகவே வீடா அலுவலகமா என்று கட்சி பிரிந்து வழக்காடுவதில் பயனில்லை. யாருக்கு, எத்தனை நாள், எவ்வாறு என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடை தேடி நடந்த சோதனை ஒன்று உண்டு. சீன நாட்டில் சாங்காய் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிரிப்.காம் என்னும் பயண நிறுவனத்தில், 2021-2022-இல் 1,612 பணியாளர்களைக் கொண்டு அதனை நடத்தினர். பிறந்த நாள் ஒற்றைப்படை எண்ணாக உள்ளோர் புதனும் வெள்ளியும் இல்லத்திலிருந்து பணியாற்றலாம். இரட்டைப்படை எண்ணில் பிறந்தோர் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். ஆறு மாதம் இவ்வாறு நடந்தது. சலுகை பெற்றோருள் வேலையை விட்டு விலகியோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் திறனிலும் பதவி உயர்விலும் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. விலகல் குறைந்ததன் பயன் பெண்களிடத்தும், நெடுந்தொலைவிலிருந்து வருவோரிடத்தும், மேலாளர் அல்லாதாரிடத்தும் மிகுதியாக இருந்தது. நிக்கலசு புளூம் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் 2024-இல் ‘நேச்சர்’ இதழில் இதனை வெளியிட்டனர். சோதனைக்கு முன் இம்முறையால் வேலை கெடும் என்று எண்ணிய மேலாளர்களே, முடிவில் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

இதே நிறுவனத்தில் 2010-ஐ ஒட்டி நடந்த முற்சோதனை ஒன்று நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. அதில் சிலர் வாரத்தில் நான்கு நாள் இல்லத்திலிருந்து தொலைபேசிப் பணி செய்தனர். வேலை 13 விழுக்காடு மிகுந்தது. விலகல் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே அளவு திறன் காட்டியும் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படுவதில்லை போலும்! மீண்டும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு தந்தபோது பாதிக்கு மேற்பட்டோர் தம் இடத்தை மாற்றிக்கொண்டனர். முற்றிலும் இல்லம் என்பதும் எல்லார்க்கும் ஏற்றதன்று என்பது இதனால் புலனாகும்.

நம் நாட்டுப் பெரு நிறுவனங்கள் சென்ற வழியைப் பார்ப்போம். டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2020 ஏப்ரலில், 2025-ஆம் ஆண்டிற்குள் தம் பணியாளருள் நான்கில் ஒரு பங்கினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்னும் நோக்கை அறிவித்தது. ஆனால் 2023 அக்டோபர் முதல் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்லிற்று. 2024 ஏப்ரலில் வருகைக் கணக்கை ஊதியத்தின் மாறும் பகுதியோடு இணைத்தது. வருகை 60 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அக்காலாண்டில் அப்பகுதி இல்லை, 85-க்கு மேற்பட்டால் முழுமையாக உண்டு என்று வகுத்தது. விப்ரோ 2023 நவம்பரில் வாரம் மூன்று நாள் என்றது. இன்போசிசு 2025 மார்ச்சில் குறிப்பிட்ட நிலையிலுள்ளோருக்கு மாதம் பத்து நாள் என்றது. அமெரிக்காவில் அமேசான் 2025 சனவரி முதல் ஐந்து நாள் என்றது. அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகளும் இதற்கு உட்பட்டனர்.

இவ்வாறு அழைத்ததனால் பணியாளர் பெருந்தொகையாக விலகினரா? கணக்கைப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. டாட்டா கன்சல்டன்சியில் 2022 செப்டம்பர்க் காலாண்டில் 21.5 விழுக்காடாக இருந்த விலகல், 2024 மார்ச்சில் 12.5 ஆகக் குறைந்தது. இன்போசிசிலும் 2022 சூன் காலாண்டின் 28.4, 2024 மார்ச்சில் 12.6 ஆயிற்று. மக்கள் அலுவலகத்தை விரும்பியதால் தங்கினர் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. 2022-இல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தனர். 2024-இல் வேறு வேலை கிடைப்பது அரிதாயிற்று. போக இடமின்றித் தங்குவது வேறு; மனம் ஒன்றித் தங்குவது வேறு. வானிலை மாறினால் முன்னவர் பறந்துவிடுவர்.

மேலும் மொத்தக் கணக்கு ஒன்றை மறைக்கிறது. எத்தனை பேர் போனார்கள் என்பதை அது சொல்லும். எத்தகையோர் போனார்கள் என்பதைச் சொல்லாது. அமெரிக்கத் தொழில்நுட்ப, நிதி நிறுவனங்களில் அலுவலக அழைப்புக்குப் பின் விலகியோரைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெண்களும் அனுபவம் மிக்கோரும் திறன் மிக்கோருமே மிகுதியாக விலகினர் என்றும், அவ்விடங்களை நிரப்ப நிறுவனங்களுக்கு முன்னினும் நெடுங்காலம் பிடித்தது என்றும் கூறுகிறது. நம் மருமகளின் குழுவில் கண்டதும் அதுவே. இருபத்து மூன்று வயது இளைஞன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போவான். முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பின்னால் குழந்தை, பள்ளி, கணவன் வேலை, முதியோர் மருந்து, வீட்டுக்கடன் ஆகிய அனைத்தும் உள்ளன. தொழிலை நன்கு கற்றவளும் அவளே.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நாம் கொண்ட கருத்து இது. மக்களை விரட்டுவது அலுவலக நாட்களின் எண்ணிக்கை அன்று. அவ்வெண்ணிக்கை நிலையாக நில்லாமையே. குடும்பம் என்பது ஆண்டுக் கணக்கில் திட்டமிடும். பள்ளிச் சேர்க்கை சூனில்; வீட்டு வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்; கடன் இருபதாண்டு. காலாண்டுக்கு ஒருமுறை மாறும் ஆணையின்மேல் இவற்றைக் கட்ட இயலாது. இரண்டு நாள் என்றால் இரண்டு நாள், மூன்று நாள் என்றால் மூன்று நாள், எந்தக் கிழமை என்பதும் குறித்து, மாற்றுவதாயின் ஓராண்டு முன்னரே அறிவித்தால், குடும்பங்கள் அதற்கேற்ப வாழ்வை ஒழுங்கு செய்துகொள்ளும். குப்பத்திலிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று திரும்புவோர் பலர் உண்டு. உழைப்புக்கு அஞ்சுபவர் அல்லர் நம் மக்கள். நாளை என்ன என்று தெரியாமைக்கே அஞ்சுகின்றனர்.

அரசும் இத்திசையில் எண்ணத் தொடங்கியுள்ளது. குப்பம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் ஆந்திர முதலமைச்சருமான சந்திரபாபு நாயுடு 2025 பெப்ரவரியில், இல்லத்திலிருந்து பணியாற்றும் முறையைச் சிறப்பாகப் பெண்களுக்கெனப் பெரிய அளவில் கொண்டுவர எண்ணியிருப்பதாக அறிவித்தார். நகரங்களிலும் சிற்றூர்களிலும் பொதுப் பணிக்கூடங்கள் கட்டுவோர்க்கு ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையில் சேர்க்கப்பட்டுள்ளது. அறிவிப்பு வேறு, செயல் வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் வித்து நல்ல வித்து. தனியார் துறையில் சோகோ நிறுவனம் இதற்கு முன்னரே வழி காட்டிற்று. தென்காசியில் 2011-இல் அலுவலகம் திறந்த அது, கொள்ளைநோய்க் காலத்திற்குப் பின் சிற்றூர்க் கிளைகள் பலவற்றை நிறுவியது. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலும் அதன் கிளை உண்டு. ஆளை அலுவலகத்திற்கு இழுப்பதற்குப் பதில் அலுவலகத்தை ஆளின் அருகே கொண்டுபோவது என்பதே அம்முறை. இதில் இளையோர்க்கு மூத்தோரின் அண்மையும் கிடைக்கும். மாலையில் இல்லமும் கிடைக்கும்.

நம் இல்லத்தார்க்குச் சில சொல்ல விரும்புகிறோம். பணியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஊதியத்தை மட்டும் கேட்டு நில்லாமல், அலுவலக நாள் எத்தனை, எந்தக் கிழமை, அது நியமன ஆணையில் எழுதப்பட்டுள்ளதா என்று கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாகத் தந்த சலுகை, தந்தவர் மாற்றலாகிச் சென்றால் அவரோடு சென்றுவிடும். முதல் ஓரிரண்டு ஆண்டு அலுவலகத்தில் அமர்ந்து தொழில் கற்பதே இளையோர்க்கு நலம். தாய்மார்கள் ஒன்றை அறிதல் வேண்டும். 2017-இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, விடுப்பு முடிந்தபின்னும், பணியின் தன்மை இடந்தந்தால், இருவரும் ஒத்துக்கொண்ட கால அளவிற்கு இல்லத்திலிருந்து பணி செய்ய நிறுவனம் இசையலாம் என்று எழுதப்பட்டது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனம் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும் அதில் கண்டுள்ளது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை இடம்பெற்றுள்ளன. முன்னது நிறுவனத்தின் இசைவைப் பொறுத்தது. பின்னது அதன் கடமை. கேளாதவர்க்குக் கிடைப்பதில்லை; கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள முதியோரும் தம் பங்கை உணர்தல் வேண்டும். மருமகள் வீட்டில் இருக்கிறாள் என்பதால் அவள் ஓய்வாக இருக்கிறாள் என்று பொருளாகாது. கணினியின் முன் அமர்ந்திருப்பவளை எழுப்பி அடுப்பைப் பார்க்கச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. மகன் அதே அறையில் அதே வேலை செய்தால் கதவை மெல்லச் சாத்துகிறோம். மருமகள் செய்தால் கதவைத் தட்டுகிறோம். இவ்வேறுபாடு நீங்காத வரை, இல்லத்திலிருந்து செய்யும் பணி பெண்ணுக்கு இரட்டைச் சுமையே. நிறுவனம் தரும் சலுகையை வீடு பறித்துவிடலாகாது.

முடிவாக, நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சங்கக் கட்டடத்தின் மாடிக் கூடம் விழா நாட்களில் மட்டும் திறக்கப்படுகிறது. ஏனைய நாட்களில், பகல் முழுதும், பூட்டிக் கிடக்கிறது. நம் பகுதியில் வீட்டில் இடமின்றியும், குழந்தையின் அழுகையின் நடுவிலும், மின்தடையிலும் வேலை செய்யும் இளைஞரும் பெண்களும் பலர். பத்து மேசை, நல்ல இணையத் தொடர்பு, மின்கல வசதி, ஒரு மூலையில் குழந்தைகளுக்குப் பாய் விரித்துக் கதை சொல்ல ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், இவ்வளவு போதும். பயன்படுத்துவோர் மாதக் கட்டணமாகச் சிறு தொகை தந்தால் செலவும் கட்டும். மேலே மகள் பணியாற்ற, கீழே அவள் குழந்தை தமிழ் கற்கும். அரசின் பணிக்கூடம் நம் ஊருக்கு வரும்போது வரட்டும். அதுவரை நாமே ஒன்று செய்து காட்டலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் இரண்டு மேசைகளை நம் குடும்பம் வாங்கித் தரும்.